அடுத்த குறிஞ்சிக்குக் காத்திராதீர்கள்



1999-இல் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். ஆனாலும் அரங்கமே எழுந்து நின்று அவர்களுக்குக் கை தட்டியது. நானும் துணைவியாரும் தட்டினோம். பக்கத்தில் என் விடுதி அறைத்தோழன்.

2006-இல் கோடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. அங்கே குடியேறியிருந்த அவன், "வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாடா, மலையே நீலமா இருக்கு" என்றான். "லீவு இல்லடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். குறிஞ்சிக்கு அடுத்த தடவை என்றால் 12 வருஷம்!

2018-இல் போனோம். பூ வந்திருந்தது, அவன் இல்லை. அவன் மனைவிதான் மலைக்குக் கூட்டிப்போனார்.

இப்போதெல்லாம் காடு பார்க்கவோ மேட்ச் பார்க்கவோ எந்த ஊருக்குப் போனாலும், அங்குள்ள நம் தோழர் வீட்டுக் கதவைத் தட்டாமல் நாங்கள் திரும்புவதில்லை. அடுத்த குறிஞ்சி 2030-இல். அதுவரை காத்திராதீர்கள்.