சந்தைக்குக் காவல் வேண்டுமா?

(ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

 

வணிகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால் விலையும் தரமும் தாமே சீர்ப்படும்; அரசு தலையிட வேண்டியதில்லை என்று ஒரு சாரார் கூறுகின்றனர். எல்லாவற்றிற்கும் அரசே விலை குறிக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். மார்க்கம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதையைக் காட்டுகிறது. அதனைச் சற்றுச் சிந்திப்போம்.

மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியது. விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் வேண்டினர். நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையின் ஏற்ற இறக்கம் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்றும், எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராகத் தாம் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. வரத்துக் குறைவால் இயல்பாக ஏறும் விலைக்கு வியாபாரியைத் தண்டிப்பது நீதியன்று என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஆனால், விலை குறிக்க மறுத்த அதே நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியைக் காவலின்றி விட்டுவிடவில்லை. தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்துக் கண்டித்தார்கள். பதுக்குபவன் பாவி என்று அறிவித்தார்கள். ஊருக்கு வெளியே சென்று, சந்தை நிலவரம் அறியாத வணிகக் கூட்டத்தாரிடம் சரக்கை வாங்குவதைத் தடுத்தார்கள். அவர்கள் தடுத்தது இலாபத்தை அன்று, வஞ்சகத்தையே.

அல்லாஹ்வின் அச்சம் இருந்தால் போதாதா, சட்டம் எதற்கு என்று சிலர் வினவலாம். தக்வாவில் ஸஹாபாக்களை மிஞ்சியவர் எவர்? அவர்களின் சந்தைக்கே ஆள் அனுப்பப்பட்டது! உணவுப் பொருளை வாங்கியவர், அதனை அவ்விடத்திலிருந்து தம் கைவசம் கொண்டு செல்லும் முன் மறுவிற்பனை செய்யாமல் தடுப்பதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் ஆள் அனுப்பியதை இப்னு உமர் (ரளி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மீறியவர்கள் அடிக்கப்பட்டதையும் அவர்களே கூறுகிறார்கள். ஏன்? வியாபாரியின் உள்ளம் திருந்தும்வரை ஏழையின் வயிறு காத்திருக்காது. உள்ளத்தைத் தக்வா திருத்தும். அதுவரை கையைச் சட்டம் பிடிக்க வேண்டும்.

இந்தக் காவல் நீங்கினால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவில் உலகமே கண்டது. அங்கே திருப்பிச் செலுத்தும் சக்தியற்றவர்களுக்கும் வட்டிக்கு வீட்டுக்கடன் கொடுத்தனர். அக்கடன்களைக் கட்டுக்கட்டாகப் பத்திரங்களாக்கிப் பிறர் தலையில் விற்றனர். கடன் தம் கையைவிட்டுப் போவதால், அது திரும்புமா என்ற கவலை கொடுத்தவருக்கு இல்லாமற் போயிற்று. அப்பத்திரங்களைத் தரம் பார்த்த நிறுவனங்களோ, அவற்றை வெளியிட்டவர்களிடமே கூலி பெற்று உயர்ந்த தரம் வழங்கின. இத்தகைய கடன்கள் மூழ்குமா என்பதன் மீது செய்யப்பட்ட ஒப்பந்தங்களைக் கண்காணிப்பிலிருந்து 2000-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பெருமளவு விலக்கி வைத்திருந்தது.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைக் காக்க அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் வரை கடன் வழங்க முன்வந்தது. 1987 முதல் 2006 வரை அந்த மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், வங்கிகள் தம் நலன் கருதித் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்று தாம் நம்பியது தவறு என 2008 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பேராசை தன்னைத் தானே கட்டிக்கொள்ளாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியாயின், அரசின் கையில் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடலாமா? அதுவும் ஆகாது. அதிகாரியும் மனிதரே, அவருக்கும் நஃப்ஸ் உண்டு. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், இது பொதுச் சொத்து, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அவருக்கு இது வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். ஆகவே காவலருக்கும் காவல் தேவை.

இமாம்கள் இதனை விரிவாக எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 450-இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், ஆட்சிச் சட்டங்கள் பற்றிய தம் நூலில் ஹிஸ்பா என்னும் கண்காணிப்புப் பொறுப்பிற்குத் தனிப் பாடமே ஒதுக்கினார்கள். ஹனஃபி சட்டநூலாகிய ஹிதாயா, உணவு வியாபாரிகள் வரம்பு மீறி விலையேற்றி, மக்களின் உரிமையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில், விபரமறிந்தோரைக் கலந்து விலை நிர்ணயிக்கலாம் என்கிறது. இயல்பான நிலையில் சுதந்திரம். அநீதி தலைதூக்கினால் தலையீடு. இதுவே அளவுகோல்.

அன்புச் சகோதரர்களே! இவ்வளவுகோலை நம் கடைகளிலும் வைத்துப் பார்ப்போம். தராசுக்கு முத்திரை பெறுவதை வெறும் அரசாங்கத் தொந்தரவாக எண்ண வேண்டாம். வாங்குபவரின் ஹக்கைக் காக்கும் ஏற்பாடு அது. ரமளான் நெருங்குகையில் விலை ஏறட்டும் என்று சரக்கை முடக்கி வைப்பவர், நோன்பாளியின் இஃப்தாரில் கை வைக்கிறார். அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பதை மறந்துவிடக் கூடாது. சோதனைக்கு அதிகாரி வராத நாளிலும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வல்ல ரஹ்மான் நம் வியாபாரங்களில் பரக்கத்தையும், நம் தராசுகளில் நீதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.