தமிழுக்கு இரண்டு செக்கன் கூட வேணும்

(எங்கள் காணொளிப் பட்டறையில் நான் பேசியதன் எழுத்து வடிவம்)



இண்டைக்கு நான் கதைக்கப்போறது ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம்: கீஃப்ரேம்களை நேரக்கோட்டில் நகர்த்துவது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸை ஒருநாளும் திறந்து பார்க்காத ஆக்களும் இங்க இருக்கிறியள். உங்களுக்கும் இது தேவை. ஏனெண்டா எங்கட காணொளிகள் எல்லாம் முதலில் ஆங்கிலத்தில்தான் தயாராகின்றன. தமிழ் பிறகுதான் வருது. அது வரேக்க நேரமெல்லாம் பங்குபோட்டு முடிஞ்சிருக்கும்.

கீஃப்ரேம் என்பது, "இந்த நேரத்தில் இந்த எழுத்து இந்த இடத்தில் நிற்கவேணும்" என்று நாங்கள் போடும் குறி. இரண்டு குறிகளுக்கு இடையிலான அசைவைக் கணினி நிரப்பும். முன்பு அதை மனிதர்கள் நிரப்பினார்கள். முக்கிய நிலைகளை மூத்த கலைஞர்கள் வரைவார்கள். இடைப்பட்ட படங்களை, மிகக் குறைந்த சம்பளத்தில், இளையவர்கள் வரைவார்கள். 1941 மே 29 அன்று டிஸ்னி ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அந்த இளையவர்களும் வாசலில் நின்றார்கள். நல்ல சம்பளம் வாங்கிய ஆர்ட் பாபிட் அவர்களோட சங்கத்தில் சேர்ந்தவர். அதுக்காகவே வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அனிமேஷனில் நேரம் என்பது எப்பவும் யாரோ ஒருவருடைய உழைப்பு நேரம். இதை மனதில் வைச்சுக்கொண்டு எங்கட வேலைக்கு வருவம்.

ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கான காணொளியை எடுங்கோ. அதில் முக்கியமான வரி: "வாடகை கூட்ட 90 நாட்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கவேண்டும்." ஆங்கிலத்தில் இதே விஷயம் நாலு சொல்லில் முடியுது. அதுக்கு 3 செக்கன் காணும். செக்கனுக்கு 30 ஃபிரேம் என்றால் மொத்தம் 90 ஃபிரேம்: உள்ளே வர 15, நிற்க 60, வெளியே போக 15.

தமிழ் வரியைச் சத்தமாக வாசிச்சுப் பார்த்தால், நிதானமாக வாசிக்கிறவருக்கு 5 செக்கன் வேணும். அதாவது 150 ஃபிரேம். இதை இரண்டு வழியில் செய்யலாம்.

முதல் வழி, இழுப்பது. எல்லாக் கீஃப்ரேம்களையும் தெரிவுசெய்து, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கடைசிக் குறியை இழுத்தால், எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் நீளும். உள்ளே வர 25, நிற்க 100, வெளியே போக 25. பார்க்கச் சரிதான். ஆனால் கொடுத்த 60 ஃபிரேமில் 20 ஃபிரேமை அசைவு தின்றுவிட்டது. எழுத்து சோம்பேறித்தனமாக ஊர்ந்து வருது. வாசிக்கிற ஆளுக்கு மிச்சம் 3.3 செக்கன்தான்.

இரண்டாவது வழி, நகர்த்துவது. வெளியேறும் கீஃப்ரேம்களை மட்டும் பிடித்து 60 ஃபிரேம் தள்ளுங்கோ. உள்ளே வர 15, நிற்க 120, வெளியே போக 15. முழுசா 4 செக்கன் எழுத்து அசையாமல் நிற்கும். அசைவின் வேகமும் மாறாது.

ஒரு வரியைத் தள்ளினால் அதற்குப் பின்னால் வரும் எல்லா லேயர்களும் 60 தள்ளவேணும். இருபது வரி, மூன்று மொழி என்றால் கையால் செய்யேக்க கட்டாயம் ஏதாவது தப்பும். கருவி இங்கதான் உதவுது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2018 முதல் ஒரு வசதி இருக்கு: வார்ப்புருவின் தொடக்கத்தையும் முடிவையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் குறித்துவிட்டால், நீளத்தை மாற்றும்போது நடுப்பகுதி மட்டும் நீளும். இதோட ஒரு ஸ்கிரிப்டையும் சேர்த்தால், அட்டவணையில் உள்ள வரிகளை வாசித்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் அதுவே மாற்றிவிடும்.

ஆனால் எவ்வளவு நேரம் எண்டு அதுக்குச் சொல்வது ஆர்? சொற்களை எண்ணி நேரம் போடச் சொன்னால் தமிழ் தோற்கும். "அறிவிக்கவேண்டும்" எங்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று சொல். யூனிகோட் குறிகளை எண்ணச் சொன்னால் கணக்கு மற்றப்பக்கம் பிழைக்கும். "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. இரண்டு எண்ணும் வாசிப்பு நேரம் இல்லை. வாசிப்பு நேரத்தை வாசிக்கிற ஆளிட்டத்தான் கேட்கவேணும்.

இது அழகியல் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த வரி அம்மம்மா வாசிச்சு முடிக்க முதல் மறைஞ்சால், தனக்கு 90 நாள் அவகாசம் இருக்கெண்டே அவவுக்குத் தெரியாது. அடுத்த மாதமே கூடின வாடகையைக் கட்டத் தொடங்குவா. ஆங்கிலம் வாசிக்கும் பேரனுக்குக் கிடைச்ச உரிமை அவவுக்குக் கிடைக்கேல்லை. இத்தனைக்கும் தமிழ் பதிப்பைச் செய்ததே அவவுக்காகத்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஸ்கிரிப்ட் எங்களுக்கு ஒரு பின்னேரத்தை மிச்சப்படுத்தினால், அந்தப் பின்னேரத்தில் இன்னொரு காணொளி செய்து குவிக்கவேண்டாம். ஐம்பது வயசு தாண்டிய மூன்று பேரோட இருந்து, ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லி, கடிகாரம் பார்த்து, ஆகக்கூடிய நேரத்தை அட்டவணையில் எழுதுங்கோ. கருவி அந்த எண்ணுக்குக் கீழ்ப்படியட்டும். அட்டவணையை நிரப்பும் தோழரின் வேலையையும் வேலையாகவே கணக்கெடுங்கோ. "மொழிபெயர்ப்புத்தானே" எண்டு இரவு பதினொரு மணிக்கு அனுப்பாதேங்கோ.

அடுத்த காணொளியின் நேரக்கோட்டை முதலில் தமிழில் போடுவம். ஆங்கிலத்துக்குக் கொஞ்ச நேரம் மிஞ்சும். மிஞ்சட்டும்.