துணைவருக்கு நீரிழிவு என்றால்

நம் மக்கள் 'இனிப்புநீர்' என்று சொல்லும் நீரிழிவு நோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நோயாளி என்ன செய்ய வேண்டும் என்றே பேசிவிடுகிறோம். இன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவரையோ மனைவியையோ நினைத்துச் சில சொல்ல விரும்புகிறோம். மருத்துவர் ஒருவரிடம்தான் செய்தியைச் சொல்கிறார். அன்று மாலையே அது வீடு முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதுவரை அதை அறியாதவர்கள். ஆகவே பலருக்கு இச்செய்தி இடி விழுந்தாற்போல் வருவதில் வியப்பில்லை. இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைவிடக் கூடுதல் என்பதும் நாம் அறிந்ததே.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர். கால் விரலில் பட்ட சிறு காயம் ஆறாமல் போகவே கிளினிக்குக்குப் போனார். வெறும் வயிற்றில் இரண்டு முறை சோதித்தும் சீனி 13 மில்லிமோலுக்குக் குறையவில்லை. ஏழை எட்டினாலே நீரிழிவு என்பது கணக்கு. மாத்திரை கொடுத்தனுப்பினார்கள்.

அவர் மனைவி அன்றே அடுக்களையைக் காலி செய்தார். சீனி டப்பா, கட்டிப்பால் டின், மைலோ, பிஸ்கட்டு எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. "இனிமே எங்க வீட்டுல ஒரு பொட்டு சீனி இருக்காது அக்கா" என்றார். சொன்னபடியே செய்தார். பிள்ளைகள் சோறும் மீன் குழம்பும் சாப்பிட, கணவருக்கு மட்டும் தனித்தட்டில் இரண்டு சப்பாத்தியும் அவித்த பாகற்காயும். அவர் கை குழம்புப் பக்கம் நீண்டால், "என்னங்க, வேணாம்!" என்று பிள்ளைகள் முன்னாலேயே குரல் உயரும்.

மனிதர் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் காலையில் லாரியை எடுத்ததும் நேரே ஒட்டுக்கடைக்குப் போய்விடுவார். தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வீட்டுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தன. கட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனிதான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை; 'சாப்பிடாதே' என்று மட்டுமே எல்லாரும் சொன்னார்கள்.

மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு இருவருக்கும் வாக்குவாதம். அவர் மாலை மாத்திரையை விழுங்கிவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். மனிதர் தொப்பலாக வியர்த்துக் கிடந்தார், கை நடுங்கியது, குடித்தவர்போல் உளறினார். மாரடைப்பு என்று அந்த அம்மாள் அழுதார். மருத்துவமனையில் வேலை செய்யும் எங்கள் மகன் உடனே சொன்னான்: "சீனித் தண்ணி குடுங்க."

அந்த வீட்டில் சீனி இல்லை. அவர் எங்களிடம் கொடுத்த அதே டப்பாவைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினோம். அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி. கால் மணி நேரத்தில் எங்களை அடையாளம் கண்டு, "ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். பிறகு இரண்டு துண்டு ரொட்டி கொடுத்தோம்.

நடந்தது இதுதான். நீரிழிவு மாத்திரைகளில் சில, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. அவற்றை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால், சீனி நாலுக்கும் கீழே இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், உளறல் ஆகியவை அறிகுறிகள். விழுங்க முடிகிறவருக்குச் சீனித் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்தும் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். அவரை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பயத்தில் செய்தார், பாசத்தில் செய்தார். கிளினிக்குக்குக் கணவர் தனியாகப் போனதுதான் முதல் தவறு. மறுவாரம் இருவரும் சேர்ந்து போனார்கள். எந்த மாத்திரை எதற்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை ஒன்று உண்டு என்பதும் அன்றுதான் தெரிந்தது. மாத்திரையால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று கடைத்தெருவில் யாரோ சொன்னதையும் கேட்டாராம். நல்ல கேள்வி, பல வீடுகளில் வாய்க்குள்ளேயே நிற்கும் கேள்வி. சிறுநீரகத்தைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் அடங்காமல் கிடக்கும் சீனியும் இரத்த அழுத்தமும்தான். பாகற்காய் சாப்பிடலாம், அது கறி. அதை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இப்போது அந்த வீட்டில் தனித்தட்டு இல்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீனோ கோழியோ பருப்போ. 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சுகாதார அமைச்சு சொல்லும் அளவு. எல்லாருக்கும் அதேதான். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அச்சமையல் அவர்களுக்கும் நல்லதே. ஒட்டுக்கடைக்கும் அவர் போகிறார். 'கோப்பி ஓ கோசோங்' கேட்கிறார். மாலையில் இருவரும் அரை மணி நேரம் நடக்கிறார்கள்.

கணவருக்கு வந்தால் மனைவி இத்தனையும் செய்வார். மனைவிக்கு வந்தால்? அதே அடுக்களையில் நின்று எல்லாருக்கும் ஆக்கிப்போட்டு, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிட்டு, நேரம் தவறி மாத்திரை போடும் பெண்கள் எத்தனை பேர்! 'உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று சொல்லும் கணவர்மார், கிளினிக் நாளில் அரை நாள் விடுப்பு எடுத்தால் என்ன? அவர் நேரத்துக்குச் சாப்பிட உட்காரும்படி மற்ற வேலையைத் தாங்கள் பார்த்தால் என்ன? இதில் நமக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்நோயால் சில ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் தளர்ச்சி வரலாம். மனைவி அதை வெறுப்பென்று எண்ணி மருகுவார். கணவர் வெட்கத்தில் விலகுவார். அதற்கும் மருத்துவம் உண்டு. மருத்துவரிடம் வாய் திறந்து கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் விரல் புண் ஆறிவிட்டது. ஆனாலும் நரம்பு மரத்திருந்தால் கல் குத்தினாலும் வெயிலில் கோயில் தரை சுட்டாலும் தெரியாதல்லவா? அதனால் குளித்து வந்ததும் அவர் காலை நீட்டுகிறார். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்கிறார். லாரியில் ஒரு பொட்டலம் மிட்டாய் இருக்கிறது; வைத்தவர் அவர்தான். அடுக்களையின் மேல்தட்டில் ஒரு சிறு சீனி டப்பாவும் இருக்கிறது. எங்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிப் போனபோது, "அவருக்கு இல்லக்கா, அவசரத்துக்கு" என்று சிரித்தார்.