ஊரார் மீட்ட விடுதி

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் அமைந்த அழகிய சிற்றூர் ஹட்ஸ்வெல். அங்கே ‘ஜார்ஜ் அண்டு டிராகன்’ என்னும் மதுவிடுதி ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. ஊரார் இழந்தது மதுவை மட்டுமன்று. மாலையில் அண்டை அயலார் கூடி அளவளாவும் பொது இடத்தையே இழந்தனர். எனவே கூட்டுறவு முறையில் பங்கு திரட்டி, விடுதியைத் தாமே விலைக்கு வாங்கினர். 2010-இல் அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. சிறு நூலகமும் கடையும் அதனுள் இடம்பெற்றன. மது அருந்தாதாரும் அங்கே செல்லக் காரணம் பிறந்தது. 2016-ஆம் ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் மதுவிடுதி என்னும் பரிசும் அதனை நாடி வந்தது. ஊர்ப் பொது இடம் எதுவாயினும், அதனைத் ‘தமது’ என்று கருதிப் பேணுவோர் உள்ளவரையே நிலைபெறும்.