ஏரி ஏற்றிய விளக்கு

பழைய மாளிகையைப் புதுப்பிப்பதென்றால் கூரையையும் சுவரையும் செப்பனிடுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். வட இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்துப் பகுதியிலுள்ள கிராக்சைடு மாளிகையில் அதற்கு மேலும் எண்ணினர். அதன் உரிமையாளரான பொறியியல் அறிஞர் ஆம்ஸ்ட்ராங், 1878-ஆம் ஆண்டிலேயே ஏரிநீரால் டைனமோவைச் சுழற்றி அங்கு மின்விளக்கு ஏற்றியவர். 1880-இல் சுவான் என்பாரின் இழைவிளக்குகளும் ஒளிர்ந்தன. பிற்காலத்தில் அந்த ஏற்பாடு மறைந்தது.

மாளிகையைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் ஸ்தாபனத்தார், 2014-இல் எஸ்டேட்டிலுள்ள ஏரியொன்றின் அருகே 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீஸ் திருகை அமைத்தனர். நீரை மேலே இறைக்கப் பிறந்த கருவி அது. இங்கோ இறங்கும் நீர் அதைச் சுழற்றி மின்சாரம் தருமாறு வகுத்தனர். வேடிக்கைதான்! அதன் ஆற்றல் 12 கிலோவாட்டே. மாளிகையின் முழுத் தேவைக்கு அது போதாது, விளக்குகளுக்குப் போதும். பழைய ஒளியைப் பழைய நீரிடமே கேட்டது சரியென்றே நமக்குத் தோன்றுகிறது. இத்தகைய திருகு மெல்லச் சுழல்வதால் மீன்கள் ஊறின்றி அதனூடே கடந்துவிடும்.