ஆளுக்கொரு அளவு
(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உடற்பயிற்சியைப் பத்திப் பேசு. ஆனா ரொம்ப அறுக்காதே" என்றார். அறுவை போட்டால் எழுந்து நின்று கையைக் காலை ஆட்டுங்கள், அதுவும் பயிற்சிதான்.

இங்கே பட்டப் படிப்பு முடித்து, பிறகு உடற்கல்வி படித்து, இப்போது கோவில்பட்டியில் தனித்தனி ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதே என் பிழைப்பு. நமது ஊரில் பத்து வருஷத்துக்கு முன்னால் இதைச் சொன்னால், "நடக்கறதுக்கு ஒரு வாத்தியாரா?" என்று சிரிப்பார்கள். இப்போது சிரிப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது சொன்னது. அதில் நம் கடைவீதிக்காரர்களும் இருக்கிறார்கள், இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களும் இருப்பார்கள்.

நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாணவர்கள் இருக்கும் இடத்தில் தப்பைச் சொல்வதுதான் அதிக உபயோகம்.

தொழில் தொடங்கிய புதிதில் என்னிடம் வந்தவர் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. வயது 52. "தம்பி, வயிறு குறையணும்" என்றார். என் கையில் இருந்தது ஒரே ஒரு சார்ட். நான் ஹாக்கி ஆடிய காலத்தில் எங்கள் பி.டி. சார் எங்களுக்குப் போட்ட பயிற்சி. மைதானத்தைச் சுற்றி ஓட்டம், ஐம்பது மீட்டர் வேக ஓட்டம், தண்டால், பஸ்கி. வயதுக்கு மரியாதையாக எண்ணிக்கையைப் பாதியாக்கி அப்படியே அவருக்குக் கொடுத்தேன். பெரிய திட்டம் போட்டுவிட்டதாக நினைப்பு வேறு.

இரண்டாவது வாரம், விடிகாலை. மூன்றாவது சுற்றில் அண்ணாச்சி நின்றுவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. விரல் நடுங்குகிறது. "என்ன அண்ணாச்சி, முடியலையா?" என்றேன். "ஒண்ணுமில்ல தம்பி, கிறுகிறுன்னு வருது" என்றார். வெயில் கூட இல்லையே என்று தண்ணீர் கொடுத்து, "மெதுவா இன்னொரு ரவுண்டு போவோம்" என்று சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். மைதான வாசலில் டீக்கடை வைத்திருந்த அம்மாதான் ஓடி வந்தார்கள். "ஏ தம்பி, அவருக்கு சுகர்லா! மொதல்ல சீனியக் கரைச்சுக் குடு!" அவர்களே சீனியைக் கலக்கிக் கொண்டுவந்து புகட்டினார்கள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

அண்ணாச்சி ஐந்து மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சில மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. கிளிமிபிரைடு அந்த வகை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓடினால், தசை ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்கும், மாத்திரை இன்னொரு பக்கம் இறக்கும். ஆள் மயங்கி விழலாம், அதற்கு மேலும் ஆகலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. இதெல்லாம் எனக்குப் பரீட்சைக்குப் படித்த பாடம்தான். ஆனால் அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டீக்கடை அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படி ஆகும்போது நம் ஊர்க்காரர்களுக்குக் கை தானாகக் கடலை மிட்டாய்க்குப் போகும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். முதலில் மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில், இல்லாவிட்டால் குளுக்கோஸ். பதினைந்து நிமிஷம் கழித்தும் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. கடலை மிட்டாய் அதற்குப் பிறகு. ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

அன்றையிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் பயிற்சி கிடையாது, பேச்சுதான். கனடாக்காரர்கள் 1970களில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதன் திருத்திய வடிவத்தில் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள். நெஞ்சு வலி உண்டா, மயக்கம் வந்திருக்கிறதா, என்ன மாத்திரை, மூட்டில் பிரச்சினை உண்டா, இந்த மாதிரி. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும், தேவையானால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அதோடு என் சொந்தக் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டேன். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? நாள் முழுக்க நிற்கிறீர்களா, உட்காருகிறீர்களா? உங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும்?

கடைசிக் கேள்விக்குச் சிரிக்கிறீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அக்கா இடுப்பு வலியோடு வந்தார்கள். காலை ஆறு மணிக்கு நேரம் கொடுத்தேன். இரண்டு நாள் வந்தார்கள், மூன்றாம் நாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. 'அக்கறை இல்லாத ஜனம்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துத் தெருவில் பார்த்தபோது சொன்னார்கள்: "தம்பி, தண்ணி வர்றதே காலைலதான். குடத்தப் போட்டுட்டு உங்க கிரவுண்டுக்கு வந்தா வீட்ல யாரு புடிப்பா?" தப்பு யார்மேல்?

அந்த அக்கா இன்னொன்றும் கேட்டார்கள். "நாள் பூரா வேலதான செய்றேன், எனக்கெதுக்குப் பயிற்சி?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் லண்டன் பஸ்ஸில் இருக்கிறது. ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 1953இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாடி பஸ்ஸில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருக்கிறார், கண்டக்டர் படி ஏறி இறங்குகிறார். ஓட்டுநர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே கம்பெனி. தீப்பெட்டி வேலையில் விரல் ஓயாமல் ஓடுகிறது, உடம்பு அசைவதில்லை. அலுப்பு கண்டக்டருடையது, உடம்பு ஓட்டுநருடையது. அதனால் அக்காவுக்கு ஓட்டமும் இல்லை, மைதானமும் இல்லை. மணிக்கொருதரம் எழுந்து இரண்டு நிமிஷம் நடை. சாயங்காலம் வீட்டிலேயே இருபது நிமிஷம்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது. குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் மாற்றி வைப்பது. இதை அவர்கள் விடாமல் செய்தார்கள்.

சரி, அளவை எப்படிக் கூட்டுவது? நம் கரிசல் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். முதல் நாளே தோளில் ஏற்றியவன் எவனும் இல்லை. முழங்கால் வரை, பிறகு மார்பு வரை, பிறகுதான் தோள். அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து 1945இல் எழுதியதும் இந்த விஷயம்தான். 1948இல் அவரும் வாட்கின்ஸும் அதை ஒழுங்குபடுத்தினார்கள். பத்து முறை தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் பாதியை வைத்துப் பத்து, முக்காலை வைத்துப் பத்து, பிறகு முழு எடை பத்து. நான் பின்பற்றும் கணக்கு இன்னும் எளிது. குறித்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு முறை கூடுதலாக, அடுத்தடுத்து இரண்டு நாள் செய்ய முடிந்தால் மட்டும் எடையைக் கொஞ்சம் கூட்டுவேன்.

அண்ணாச்சிக்கு அப்படித்தான் மறுபடி தொடங்கினோம். அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டு, சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் நடை. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினோம். ஐந்தாவது வாரம் நாளைக்கு முப்பது நிமிஷம், வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 150 நிமிஷம் அதோடு சரியாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அதற்கு ஜிம் தேடவில்லை, அவர் கடையில் இருந்த ஐந்து கிலோ அரிசிப் பைகளே போதும். நாலு மாதத்தில் டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார். வயிறு? கொஞ்சம்தான் குறைந்தது. அதில் அவருக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு!

வேகத்தை எப்படி அளப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள். 220இல் வயதைக் கழிக்கும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆளுக்கு ஆள் நிறைய மாறும். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடித் துடிப்பையே அடக்கி வைக்கும், எண்ணிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நடுத்தர வேகம் அவ்வளவுதான். சித்திரை வெயிலில் அந்த வேகத்தையும் குறைக்க வேண்டும். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

அப்படியானால் அந்த ஹாக்கிப் பயிற்சி தப்பா? இல்லவே இல்லை. கோவில்பட்டியில் நின்றுகொண்டு ஹாக்கியைக் குறை சொன்னால் நான் வீடு போய்ச் சேரமாட்டேன். நம் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே விடுதியில் தங்கிப் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடி வெண்கலம் வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டதை நாம் எத்தனை தடவை போனில் பார்த்தோம்! பதினைந்து நிமிஷம் வீதம் நாலு பகுதி, நடுவில் ஆள் மாறி மாறி இறங்கும் ஆட்டம் அது. அதற்கு வெடுக்கென்று ஓடி, நின்று, திரும்ப ஓடும் பயிற்சிதான் வேண்டும். எங்கள் பி.டி. சார் எங்களுக்குச் சரியாகத்தான் போட்டார். எடுத்து அண்ணாச்சிக்குக் கொடுத்தவன் நான்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள், ஒரே சார்ட்டை நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காசு வாங்காதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு நாலு பக்கம். வந்த நாள், வராத நாள், ஏன் வரவில்லை, என்ன வலித்தது, எல்லாம் எழுதுங்கள். மூன்று மாதத்தில் சிக்ஸ் பேக் கேட்டு வருகிறவனை உட்காரவைத்துப் பேசுங்கள். ஊசி, மருந்து என்று அவன் இழுத்தால் வாசலைக் காட்டுங்கள்.

செயலாளர் மணி பார்க்கிறார். நாளைக் காலை ஆறு மணிக்கு நம் கல்லூரி மைதானத்தில் இருப்பேன். வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மறக்காமல் சாப்பிட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். அந்த டீக்கடை அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.