டீக்கடைக் கரும்பலகையில் நாட்டு நடப்பு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். "கணக்கைப் பத்திப் பேசுங்க, ஆனா யாரும் எழுந்து போயிடக்கூடாது" என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். என் வகுப்பில் யாரும் எழுந்து போனதில்லை. தூங்கியிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

2016-இல் ஓய்வு பெற்றேன். அந்த வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே கூச்சல். "புழக்கத்துல உள்ள பணத்துல 86 சதவீதம் போச்சாம்" என்று ஒருவர் பேப்பரைப் படிக்கிறார். "அப்படின்னா என்ன?" என்று இன்னொருவர். பதில் சொல்ல ஆளில்லை. கடையில் பலகார விலை எழுதும் கரும்பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதன் கீழ்ப்பாதியில் நான் எழுதினேன்: "வீட்டு அஞ்சறைப் பெட்டியில் நூறு ரூபாய் இருக்கிறது. அதில் 86 ரூபாய் இன்று வெறும் காகிதம். மிச்சம் 14 ரூபாய். இரண்டு டீ சாப்பிட்டால் தீர்ந்தது. டீக்கு மட்டும் கடன் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "சார், அந்த 86 எப்படி வருது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் காத்திருந்தேன். கடைசியில் அது டீக்கடையில் வந்தது. அன்றிலிருந்து பலகையின் கீழ்ப்பாதி எனக்கென்று ஆகிவிட்டது. "இன்றைய கணக்கு" என்று தலைப்பு. கடைக்கார அண்ணாச்சி வாடகையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், வடை விலையை மட்டும் அழிச்சிராதீங்க."

உதாரணத்துக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். லட்சம் கோடி, லட்சம் கோடி என்கிறார்களே, அது எவ்வளவு? நொடிக்கு ஒரு ரூபாய் வீதம் ராப்பகலாக எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் எண்ண 28 மணி நேரம் ஆகும். ஒரு கோடி எண்ண 116 நாள். ஒரு லட்சம் கோடி எண்ண? சுமார் 31,700 வருஷம்! எண்ணி முடிப்பதற்குள் ஆறாயிரம் பொதுத் தேர்தல் வந்து போய்விடும்.

2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி ரூபாய். கேட்டால் கொட்டாவி வருகிறது. நாட்டில் 140 கோடிப் பேர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். தலைக்கு வருஷத்துக்கு 36,000 சொச்சம். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 99 ரூபாய். அதில் 25 ரூபாய் பழைய கடனுக்கு வட்டி. இதை எழுதிய அன்று, காய்கறி விற்கும் ஓர் அம்மா பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மிச்சம் 74 ரூபா எனக்கு எதுல வருது?" என்று கேட்டார். ரேஷன் அரிசி, ரோடு, ராணுவம், ரயில் என்று பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் ஒரு பட்ஜெட் விவாதமே நடந்தது. மேஜையைத் தட்டியவர் அண்ணாச்சி மட்டும்தான், டீ கிளாஸை வைக்கும்போது.

தேர்தல் கணக்கும் உண்டு. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. வாங்கியது நூற்றுக்கு 44 வாக்கு. கிடைத்த இடமோ 39-இல் 37, அதாவது நூற்றுக்கு 95. தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 23-க்கு மேல் வாக்கு விழுந்தும் இடம் பூஜ்யம். 2019-இல் சக்கரம் சுழன்று, தி.மு.க. கூட்டணிக்கு 39-இல் 38. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி மார்க் போட்டிருந்தால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள்" என்று முடித்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்தது எங்கள் ஊரில் அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், ஒரு தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் முழு இடமும் அவருக்கே என்ற முறையால்தான் இப்படி ஆகிறது என்று விளக்க முடிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் என் பெருமை. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இங்கே வந்த காரணம்.

2021 மார்ச் மாதம். கோவாக்சின் தடுப்பூசியின் இடைக்கால முடிவு வந்தது, 81 சதவீதம் பலன் என்று. எனக்குக் கை துறுதுறுத்தது. பலகையில் எழுதினேன்: "81 சதவீதம் பலன் என்றால், நூறு பேரில் 19 பேருக்கு ஊசி வீண். அந்தப் பத்தொன்பதில் நீங்கள் இல்லையே?" நல்ல சிரிப்பு. யாரோ செல்போனில் படம்கூட எடுத்தார்கள்.

மாணவச் செல்வங்களே, அந்தக் கணக்கு தப்பு. நன்றாகத் தெரிந்த தப்பு. சுமார் 25,800 பேரை இரண்டு சம பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஊசியும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் போட்டார்கள். வெற்று மருந்து போட்டவர்களில் 36 பேருக்கு நோய் வந்தது. ஊசி போட்டவர்களில் 7 பேருக்கு வந்தது. முப்பத்தாறு பேருக்கு வர வேண்டிய இடத்தில் ஏழு பேருக்குத்தான் வந்திருக்கிறது. இந்தக் குறைவுதான் 81 சதவீதம். (முழு முடிவில் பின்னால் அது 77.8 ஆயிற்று.) நூற்றில் 19 பேருக்கு வீண் என்று அதற்கு அர்த்தமே இல்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சரியான கணக்கை எழுதினால் சிரிப்பு வராதே! அதனால் சிரிப்பு வருகிற கணக்கை எழுதினேன்.

கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர். தினமும் என் பலகையை முதலில் படிப்பவர் அவர்தான். ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக், ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் காலமானார். சிரிக்க வைத்தே நாட்டுக்கு நல்லது சொன்ன மனுஷன். ஊரே கலங்கிப்போனது. பயமும் பரவியது. நான் பெரியவரிடம், "ஐயா, பயப்படாம ஊசி போட்டுக்கோங்க" என்றேன். அவர் சொன்னார்: "நீங்கதான சார் எழுதினீங்க, பத்தொம்பது பேருக்கு வீண்னு? கொஞ்ச நாள் பார்த்துக்கிட்டுப் போடுறேன்."

மே மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்து வந்தார், ஆனால் மூச்சு பழைய மாதிரி இல்லை. கரிப்பெட்டியைத் தூக்கித் தேய்க்க முடியாமல் வண்டியை விற்றுவிட்டார். ஊசி போட்டிருந்தால் நோய் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. கணக்கு அப்படிச் சொல்லாது. வரும் வாய்ப்பு குறைந்திருக்கும் என்றுதான் சொல்லும். அந்தக் குறைந்த வாய்ப்பை அவரிடமிருந்து பிடுங்கியது என் சாக்பீஸ்.

விவேக் இறந்த அந்த வாரமே பலகையில் சரியான கணக்கை எழுதத்தான் செய்தேன். தமிழ்நாட்டில் ஏழரைக் கோடிப் பேர். கொரோனாவுக்கு முந்திய காலத்திலேயே ஆயிரம் பேருக்கு வருஷத்தில் ஏறக்குறைய ஆறு பேர் இறப்பார்கள். அப்படியானால் ஊசி என்ற ஒன்று இல்லாத காலத்திலும் நாள் ஒன்றுக்கு 1,200 பேருக்கு மேல் சாவு. ஒரே நாளில் ஒரு லட்சம் பேருக்கு ஊசி போட்டால், அவர்களில் ஒன்றிரண்டு பேர் மறுநாள் வேறு காரணத்தால் இறப்பது பொதுச் சராசரிப்படியே நடக்கும். அப்போது ஊசி போட்டவர்கள் 45 வயதைக் கடந்தவர்கள், ஆகவே இன்னும் சிலர் கூடவே இருக்கும். அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. விவேக் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அந்த வருஷம் அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் சொல்லியது.

இவ்வளவும் எழுதினேன். ஒருத்தரும் படிக்கவில்லை! தப்பான கணக்கைப் படம் எடுத்தவர்கள், சரியான கணக்கைத் தாண்டி வடை எடுக்கப் போனார்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்தேன். சிவப்பு சாக்பீஸில் பெரிய பூஜ்யம் ஒன்று போட்டு, கீழே எழுதினேன்: "கணக்கு வாத்தியார் வாங்கிய மார்க். காரணம் கேட்க விரும்புவோர் பெஞ்சில் உட்காரவும்." காலை ஆறு மணிக்கே கூட்டம். வாத்தியார் பூஜ்யம் வாங்கியதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? முக்கால்வாசிப் பேர் என் பழைய மாணவர்கள் வேறு. "சார், முட்டி போடுங்க" என்றான் ஒருவன். போடுகிறேன் என்று சொல்லி, 36-ம் 7-ம் எழுதி, என் தப்பு எங்கே என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்டுபிடித்தார்கள். அந்த வாரம் பெஞ்சிலிருந்து எழுந்து நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்கள் பதினோரு பேர். இஸ்திரிப் பெரியவர் அந்தப் பதினோரு பேரில் இல்லை.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை எல்லோருக்கும் தெரியும். குருவும் ஐந்து சீடர்களுமாக ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒரே அழுகை. எண்ணியவன் தன்னை எண்ணாமல் விட்டுவிட்டான், அவ்வளவுதான். நாட்டு நடப்பைப் படிக்கும்போது நாம் செய்யும் தப்பும் இதுதான். கடன் அரசாங்கத்துக்கு, ஊசி மற்றவர்களுக்கு, பூஜ்யம் அடுத்தவனுக்கு. கேலி செய்யும்போதும் அதே தப்பு. எல்லோரையும் எண்ணிச் சிரித்துவிட்டு நம்மை விட்டுவிடுகிறோம்.

தன்னையும் எண்ணிக்கொண்டவர் ஒருவரைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்று சொல்லியது. நாமக்கல் பக்கம் ஒருவர், "இந்தாங்க என் குடும்பத்துப் பங்கு" என்று அதே தொகைக்குக் காசோலை எழுதிக்கொண்டு அரசு அலுவலகத்துக்கே போய்விட்டார். அதிகாரிகள் வாங்கிக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் சிரித்தது. சிரித்த பிறகுதான் பல பேருக்கு அந்த எண் மனதில் நின்றது.

எதிர்ப்பக்கமும் உண்டு. புள்ளிவிவரத்தை வைத்து எப்படிப் பொய் சொல்லலாம் என்று டாரல் ஹஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1954-இல் வேடிக்கையாக ஒரு புத்தகம் எழுதினார். நம் கல்லூரி நூலகத்தில்தான் அதை முதலில் படித்தேன். பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்த அதே மனிதர், 1965-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சிகரெட் கம்பெனிகளுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். நாரை அதிகம் இருக்கும் ஊரில் குழந்தையும் அதிகம் பிறக்கிறது, அதனால் நாரைதான் குழந்தையைக் கொண்டுவருகிறது என்பார்களே, புகையிலையும் புற்றுநோயும் அது மாதிரிதான் என்று கேலி பேசினார். அதே நகைச்சுவை, அதே கணக்கு. எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே, செல்போனில் நாள் முழுக்கக் கேலிப்படம் அனுப்பும் இளைஞர்களே, கேலி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. அனுப்புவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். பெரிய எண் வந்தால் தலைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சதவீதம் வந்தால் எதில் இத்தனை சதவீதம் என்று கேளுங்கள். சிரிப்பு வந்தால் இந்த எண்ணில் நானும் இருக்கிறேனா என்று பாருங்கள். மூன்றாவதுதான் கஷ்டம். அதில்தான் நான் தவறினேன்.

பெரியவர் இப்போதும் டீக்கடைக்கு வருகிறார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பலகையைப் படிக்கிறார். புதுக் கணக்கு எதை எழுதினாலும் சாக்பீஸைக் கீழே வைப்பதற்கு முன் அவரைத் திரும்பிப் பார்ப்பேன். "சரியா போட்டீங்களா சார்?" என்று கேட்பார். சரி பார்த்த பிறகுதான் நான் டீ குடிக்கிறேன்.

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கணக்கிலும் எனக்குப் பூஜ்யமே போட்டுக்கொள்ளுங்கள்.